முதன்முதலாக மோனோக்கிள் அணிவோருக்கு

நாற்பது வயதைக் கடந்த பிறகு, மாத்திரை அட்டையின் பின்புறத்தில் உள்ள பொடி எழுத்தைப் படிப்பதற்காகக் கையை நீட்டி நீட்டிப் பார்த்து, ஒரு நாள் கையின் நீளமே போதாமல் போகும்போதுதான் நம்மில் பலருக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது தெரிகிறது. பெரியவர்கள் சாளேசரம் என்று சொன்னதும் இதைத்தான். அந்த நிலையை அடைந்து, அரை நிமிடம் எதையேனும் படிப்பதற்காகக் கண்ணாடிக் கூட்டைத் தேடி எடுத்து, மாட்டி, மறுபடி கழற்றி வைப்பதில் சலிப்புற்றவர்களுக்காகவும், பழைய புகைப்படங்களில் கண்ட ஒற்றை வில்லைக் கண்ணாடியான மோனோக்கிளின் மீது ஆர்வம் கொண்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மேடை நாடகத்துக்குப் பவர் இல்லாத வெற்று வில்லை போதும் என்பவர்கள் கண் பரிசோதனையையும் பவர் கணக்கையும் பற்றிய பகுதிகளைத் தாண்டிவிடலாம். அளவெடுப்பதும் பழகுவதும் அவர்களுக்கும் பொருந்தும்.

மோனோக்கிளை மூக்குக் கண்ணாடியின் பாதி என்று நினைப்பது தவறு. மூக்கின் மேல் அமர்வதால் அதற்கு மூக்குக் கண்ணாடி என்று பெயர் வைத்தோம்; மோனோக்கிளுக்கோ மூக்கும் வேண்டாம், காதும் வேண்டாம். புருவ எலும்புக்குக் கீழே, கன்ன மேட்டுக்கு மேலே, கண்ணைச் சுற்றியுள்ள குழியில் அது தங்குகிறது. ஆகவே முக அமைப்பு ஒத்துழைக்காவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது நிற்காது. குழி ஆழமாகவும் புருவ எலும்பு சற்று முன்னால் துருத்தியும் உள்ளவர்களுக்கு எளிதில் கைகூடும். தட்டையான கண்குழி உள்ளவர்களுக்கு விளிம்பு உயர்ந்த வகை ஒன்றுதான் வழி.

முதலில் செய்ய வேண்டியது கண் பரிசோதனை. இணையத்தில் கிடைக்கும் ஒரு வில்லையை வாங்கி மாட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். வெள்ளெழுத்து வரும் வயதிலேயே கண் அழுத்த நோயையும் பார்த்துவிடுவது நல்லது என்பதால் பரிசோதனை எப்படியும் செய்ய வேண்டியதே. கண்ணாடிச் சீட்டு கையில் வந்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். தூரப் பார்வைக்குப் பவர் எதுவும் இல்லாமல், படிப்பதற்கு மட்டும் ப்ளஸ் பவர் எழுதப்பட்டிருந்தால் நீங்கள் மோனோக்கிளுக்கு மிகப் பொருத்தமானவர். இரண்டு கண்ணுக்கும் நாள் முழுவதும் கண்ணாடி தேவைப்படுபவராக இருந்தால் மோனோக்கிள் உங்களுக்குப் பொழுதுபோக்கு மட்டுமே, அதற்காக மூக்குக் கண்ணாடியைக் கைவிடக் கூடாது. சீட்டில் சிலிண்டர் பவரும் (ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டும் பார்வையைத் திருத்தும் பவர்) அதற்குப் பக்கத்தில் ஆக்ஸிஸ் என்று அந்தத் திசையைச் சொல்லும் ஒரு பாகையும் குறிக்கப்பட்டிருந்தால், கடைக்காரர் சொல்ல மறந்துவிடக்கூடிய ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஃபிரேமில் பொருத்திய வில்லை சுழலாது, ஆனால் வட்டமான மோனோக்கிள் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் வேறு கோணத்தில் உட்காரும். சிலிண்டர் வில்லை குறித்த கோணத்திலிருந்து 30 பாகை திரும்பிவிட்டால் அதனால் கிடைக்க வேண்டிய திருத்தம் முழுவதும் பயனற்றுப் போய்விடும். சிலிண்டர் பவர் மிகச் சிறியதாக இருந்தால் அதை விட்டுவிட்டு மற்றப் பவரை மட்டும் போடலாமா என்று பரிசோதித்தவரிடமே கேளுங்கள். பெரியதாக இருந்தால், வில்லை கீழே விழாமலிருக்க நாடா கோக்கும் துளை எப்போதும் ஒரே பக்கம், அதாவது காதுப் பக்கம், இருக்குமாறு மாட்டப் பழகுவது என்று உறுதி செய்துகொண்ட பிறகே செய்யச் சொல்லுங்கள்.

பவருக்கும் படிக்கும் தூரத்துக்கும் உள்ள கணக்கு எளியது. ஒன்றைப் பவரால் வகுத்தால் மீட்டரில் தூரம் கிடைக்கும்: +2.00 வில்லை அரை மீட்டரிலும், +2.50 வில்லை 40 சென்டிமீட்டரிலும் எழுத்தைத் தெளிவாக்கும் (கண்ணின் சொந்தச் சக்தி மிச்சம் இருப்பவர்களுக்கு இதைவிடச் சற்று நெருக்கமாகவும் தெரியும்). உணவு விடுதியின் விலைப் பட்டியலையும் செய்தித்தாளையும் எந்தத் தூரத்தில் பிடிக்கிறீர்கள் என்பதை ஒரு அளவு நாடாவால் அளந்து கொண்டு போனால், பரிசோதிப்பவருக்கு அது பெரிய உதவி.

எந்தக் கண்ணுக்கு மாட்டுவது என்று பலரும் கேட்கிறார்கள். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சிறு முக்கோணத் துளை அமைத்து, அதன் வழியே தொலைவிலுள்ள சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் துளைக்குள்ளேயே இருக்கிறதோ அதுவே உங்கள் ஆளும் கண். அதில் மாட்டுவதுதான் வழக்கமான அறிவுரை. என் அனுபவத்தில், புருவத்தைத் தனியாக அசைக்கத் தெரிந்த பக்கமே வென்றது. ஒரு கண் அருகிலும் மறு கண் தொலைவிலும் தெளிவாகப் பார்க்கும் இந்த ஏற்பாட்டை மூளை விரைவில் ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஆழத்தைக் கணிக்கும் திறன் அந்த நேரத்தில் குறைந்திருக்கும். மோனோக்கிளை மாட்டிக்கொண்டு படியிறங்காதீர்கள், வண்டி ஓட்டாதீர்கள்.

அடுத்தது வகை. மூன்று வகைகள் உண்டு. ஓரத்தை நன்றாகத் தீட்டிய வெறும் வில்லை முதல் வகை. இதன் ஓரத்தில் நாணயத்தின் ஓரத்தைப் போல நுண்ணிய வரிகள் வெட்டியிருந்தால் பிடிமானம் கூடும். உலோக வளையத்துக்குள் வில்லை அடங்கியது இரண்டாம் வகை. அந்த வளையத்தோடு, மேலும் கீழும் பிறை வடிவில் விளிம்பு ஒன்று எழுந்து நிற்பது மூன்றாம் வகை. ஆங்கிலத்தில் இந்த விளிம்பைக் கேலரி என்பார்கள். கேலரி வில்லையைக் கண்ணிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்துவதால் இமை முடிகள் கண்ணாடியில் உரசுவதில்லை. இமை முடி நீளமானவர்களும் தட்டையான கண்குழி உடையவர்களும் இந்த வகையைத் தவிர வேறெதையும் வாங்க வேண்டாம். மற்றவர்கள் வெறும் வில்லையிலேயே தொடங்கலாம், செலவும் குறைவு.

அளவில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கடையில் 40 மில்லிமீட்டர் விட்டம் என்று ஒன்றைக் கொடுத்தால் வாங்கி வந்துவிடுகிறார்கள், பிறகு அது நழுவுகிறது என்று அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். அதற்கு முன், தடித்த அட்டையில் 36, 38, 40, 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள நான்கு வட்டங்களைக் கவராயத்தால் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். ஓரத்தைச் சொரசொரப்பில்லாமல் தேய்த்து, ஒவ்வொன்றாகக் கண்குழியில் வைத்துப் பாருங்கள். சரியான அளவு எதுவென்றால், முகத்தை இறுக்காமலேயே மேல் ஓரம் புருவத்துக்கு அடியிலும் கீழ் ஓரம் கன்னத்தின் மடிப்பிலும் ஒரே நேரத்தில் தொடுகிற அளவு. சிறியதானால் கண்ணைச் சுருக்கி இறுக்க வேண்டிவரும், பெரியதானால் மூக்கின் பக்கவாட்டில் முட்டும். பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர்தான், அதை வைத்து அளவு பார்க்க முயல வேண்டாம்.

அளவு தெரிந்துவிட்டால் வில்லையைச் செய்வது கடினமில்லை. எந்தக் கண்ணாடிக் கடையும் வெட்டாத பெரிய வில்லையிலிருந்துதான் ஃபிரேமுக்கு ஏற்ற வடிவத்தை அறுத்தெடுக்கிறது. அதையே சரியான வட்டமாக அறுத்து, ஓரத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் உள்ளே ஒரு துளை போட்டுத் தரச் சொன்னால் போதும். ஆனால் ஓரத்தின் கனம் எவ்வளவு என்பதை எழுதியே கொடுத்துவிடுங்கள். ப்ளஸ் வில்லை நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும், கடைகளில் அதை முடிந்தவரை மெல்லியதாகச் செய்து தருவதே திறமை என்று கருதப்படுகிறது. நான் முதலில் செய்யச் சொன்ன கடையில் அப்படித்தான், மிகுந்த அக்கறையோடு, ஒரு மில்லிமீட்டர் ஓரம் வைத்துக் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் கன்னத்தில் பிளேடு வைத்து அழுத்தியது போல ஒரு கோடு விழுந்தது. இரண்டரை மில்லிமீட்டர் ஓரம் கேளுங்கள். +2.00 பவரில் 40 மில்லிமீட்டர் வில்லையின் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர்தான், ஆகவே நடுக் கனம் ஏறக்குறைய 3.3 மில்லிமீட்டர்தான் வரும். சாதாரண பிளாஸ்டிக் வில்லையில் இது ஐந்து கிராம் அளவில் இருக்கும். கண்ணாடியில் செய்தால் ஒன்பதைத் தாண்டும். கண்ணாடியின் கனம் கையில் பிடிக்க அழகுதான், என்றாலும் கீழே விழப்போவது நிச்சயம் என்பதால் புதியவர்களுக்குப் பிளாஸ்டிக்கே உகந்தது.

இனி அணியும் முறை. மோனோக்கிள் என்றதும் முகத்தைக் கோணி, ஒரு கண்ணை இறுக்கி மூடியது போல் வைத்துக்கொள்ளும் சித்திரம் நம் மனத்தில் வருகிறது. அப்படி இறுக்குபவருக்கு அளவு சரியில்லை என்று பொருள். இதை எனக்குப் புரிய வைத்தவர் பேருந்து நிலைய வாசலில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு பெரியவர். நாள் முழுவதும் ஒரு கறுப்புக் குழல் வில்லையைக் கண்ணில் வைத்துக்கொண்டே, வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டும், தேநீர் குடித்துக்கொண்டும், பல்சக்கரங்களை இடுக்கியால் எடுத்து வைத்துக்கொண்டும் இருப்பார், அது ஒருமுறையும் விழுந்து நான் பார்த்ததில்லை. எப்படி என்று கேட்டபோது, “கண்ண இறுக்காதீங்க சார். கன்னத்துல உக்கார வச்சிட்டு மறந்துடுங்க. இறுக்குனா வலிக்கும், வலிச்சா விட்டுருவீங்க, விட்டா விழுந்துரும்” என்றார். அவருடைய வில்லை பல மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது, நம்முடையது படிக்க மட்டும் உதவுவது. ஆனால் தாங்கும் தசை ஒன்றுதான்.

முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் கட்டிலிலோ பாய் விரித்த தரையிலோ உட்கார்ந்து தொடங்குங்கள். முகத்தைக் கழுவி நன்றாகத் துடைத்திருக்க வேண்டும், எண்ணெய்ப் பசையும் வியர்வையும் இருந்தால் எந்த வில்லையும் வழுக்கும். வில்லையைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பக்கவாட்டு ஓரங்களில் பிடியுங்கள், நடுவில் தொட்டால் ரேகை படியும். மறு கையின் ஒரு விரலால் கன்னத்தை மெல்லக் கீழே இழுத்து, வில்லையின் கீழ் ஓரத்தை அந்த மடிப்பில் வையுங்கள். பிறகு புருவத்தை உயர்த்தி, மேல் ஓரத்தை அதன் அடியில் செலுத்தி, புருவத்தையும் கன்னத்தையும் ஒரே நேரத்தில் விட்டுவிடுங்கள். இரண்டும் தம் இயல்பான இடத்துக்குத் திரும்பும்போது வில்லை நடுவில் சிறைப்படும். முதல் நாள் அது மூன்று விநாடி நிற்கும். ஒரு வாரம், நாளுக்குப் பத்து நிமிடம் பழகினால் ஒரு பக்கம் படித்து முடிக்கும்வரை நிற்கும். அதன்பின் பேசிப் பாருங்கள், பிறகு மெல்லச் சிரித்துப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே தோல் சிவந்தாலோ தலை வலித்தாலோ அன்றைக்கு நிறுத்திவிட்டு, அட்டை வட்டங்களுக்குத் திரும்புங்கள்.

பழைய கேலிச் சித்திரங்களில் திடுக்கிடும் கனவான்களின் மோனோக்கிள் தேநீர்க் கோப்பைக்குள் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் கற்பனை அன்று. வியப்பில் புருவம் தானாக மேலே ஏறுகிறது, மேல் பிடி விலகுகிறது, வில்லை விழுகிறது. எடுக்கும்போதும் இதே வித்தைதான்: கையால் பிடுங்க வேண்டியதில்லை, புருவத்தை உயர்த்தி உள்ளங்கையில் விழச் செய்யலாம்.

விழும் என்பதாலேயே நாடா. மெல்லிய கறுப்புப் பட்டு நாடாவே பழைய வழக்கம், மெல்லிய சங்கிலியும் உண்டு. மறுமுனையை ஐரோப்பியர்கள் கோட்டின் பொத்தான் துளையில் கட்டினார்கள் அல்லது கழுத்தில் அணிந்தார்கள்; 1875இல் எடுக்கப்பட்ட கார்ல் மார்க்ஸின் புகழ்பெற்ற புகைப்படத்தில், தாடிக்குக் கீழே நாடாவில் ஒற்றை வில்லை தொங்குவதைக் காணலாம். சட்டை அணிபவர்கள் இரண்டாம் பொத்தானில் கட்டலாம். கண்ணிலிருந்து விழுந்தால் வில்லை தொப்புளுக்கு மேலேயே நின்றுவிடும் நீளம் போதும். அதற்கு மேல் நீண்டால், சாப்பாட்டு மேசையில் குனியும்போது அது சாம்பாரில் இறங்கும். கழுத்தில் அணிவதாக இருந்தால், இழுத்தால் பிரிந்துவிடும் கொக்கி கட்டாயம்.

மாட்டத் தெரிந்துவிட்டது என்பதற்காக உடனே வெளியே போய்விட முடியாது. மூக்குக் கண்ணாடியை எவரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. மோனோக்கிளை எல்லோரும் பார்ப்பார்கள், பார்த்தவுடன் உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கும் வந்துவிடுவார்கள். அந்த முடிவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வதும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

தொடக்கத்தில் அது ஒரு கருவி. பிரஷ்ய நாட்டுத் தொல்பொருள் ஆர்வலரான ஃபிலிப் ஃபொன் ஸ்டோஷ் 1720களில் ரோம் நகரில் செதுக்கு மணிக்கற்களையும் அச்சுச் சித்திரங்களையும் நெருங்கிப் பார்க்க ஒற்றை வில்லையைக் கண்ணில் வைத்துக்கொண்டார். நம் கடிகாரக்காரரின் நேர் மூதாதை என்றே அவரைச் சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது லண்டன் கனவான்களின் நாகரிகமாகியது. முகத்துக்கு அளந்து செய்தால்தான் நிற்கும் என்பதால் பணம் உள்ளவர்களின் முகத்தில் அது அமைதியாக அமர்ந்தது, இல்லாதவர்களின் முகத்தில் நழுவியது. வர்க்க அடையாளமாக மாற இதைவிட வேறென்ன வேண்டும்? அதே வேளையில், அதை அணிந்த எல்லோரும் பிறவிப் பிரபுக்கள் அல்லர். ஜோசப் சேம்பர்லின் திருகாணி செய்து பொருளீட்டியவர், பர்மிங்காம் மேயராக இருந்து 1895இல் பிரிட்டனின் காலனித் துறை அமைச்சரானவர். கோட்டில் ஒரு ஆர்க்கிட் மலர், கண்ணில் ஒரு வில்லை, இந்த இரண்டையும் வரைந்தாலே அவர் என்று புரிந்துவிடும் என்பதால் கேலிச் சித்திரக்காரர்களுக்கு அவர் பெரும் வரம். அவருடைய மகன் ஆஸ்டினும் மோனோக்கிள் அணிந்தவரே. நம் துணைக்கண்டத்தில் முகமது அலி ஜின்னாவின் புகைப்படங்களில் அதைப் பார்க்கலாம்.

ஜெர்மனியில் அது வேறு பொருள் பெற்றது. ஹான்ஸ் ஃபொன் ஸேக்ட் போன்ற தளபதிகளின் முகத்தில் மோனோக்கிள் சீருடையின் ஓர் உறுப்புபோலவே ஆகிவிட்டது. விறைப்பு, அதிகாரம், பிறரைப் பொருட்படுத்தாமை எல்லாம் அந்த ஒரு வட்டத்துக்குள் அடங்கின. இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு அந்த நினைவோடு அதை அணிய ஐரோப்பாவில் பலரும் கூசினார்கள். மலிவான, நல்ல மூக்குக் கண்ணாடிகள் பெருகியதும் சேர்ந்து அதை வழக்கொழியச் செய்தது.

ஆனால் அந்த இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பெர்லினிலும் பாரிஸிலும் பெண்கள் அதை எடுத்து மாட்டிக்கொண்டதுதான் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி. ஓட்டோ டிக்ஸ் 1926இல் வரைந்த பத்திரிகையாளர் சில்வியா ஃபொன் ஹார்டெனின் ஓவியம் இன்று பாரிஸின் பொம்பிடு மையத்தின் சேகரிப்பில் இருக்கிறது. குட்டையாக வெட்டிய முடி, சிவப்புக் கட்டம் போட்ட உடை, நீண்ட விரல்களுக்கு இடையில் சிகரெட், சரிந்து இறங்கிய காலுறை, கண்ணில் மோனோக்கிள் என்று சிறிய வட்ட மேசையின் அருகே அவர் அமர்ந்திருக்கிறார். தளபதியின் முகத்தில் அதிகாரமாக இருந்த பொருள் இங்கே எவர் அனுமதியும் கேட்காத ஒரு பெண்ணின் துணிச்சலாகிவிடுகிறது. ரொமேய்ன் புரூக்ஸ் என்ற பெண் ஓவியர் 1924இல் வரைந்த, பிரிட்டிஷ் சிற்பி உனா டிரௌபிரிட்ஜின் ஓவியத்திலும் அதைக் காணலாம். பாரிஸில் பெண்களை விரும்பும் பெண்கள் கூடிய ஓர் இரவு விடுதிக்கு ‘லு மோனோக்கிள்’ என்றே பெயர். பிரசாய் என்னும் புகைப்படக்காரர் 1930களில் அங்கே எடுத்த படங்கள் புகழ்பெற்றவை.

இன்று உங்களைப் பார்ப்பவருக்கு இவை எதுவும் நினைவில் இருக்காது. அவருக்குத் தெரிந்தது விளம்பர உலகம். 1916இல் பிளான்டர்ஸ் என்ற அமெரிக்க வேர்க்கடலை நிறுவனத்துக்காக ஒரு பள்ளி மாணவன் அனுப்பிய வேர்க்கடலை மனிதனுக்கு, உயரத் தொப்பியையும் மோனோக்கிளையும் பின்னர் ஓர் ஓவியர் சேர்த்தார். 1925 பிப்ரவரியில் வெளிவந்த நியூயார்க்கர் இதழின் முதல் அட்டையில் ஒரு கனவான் வண்ணத்துப்பூச்சியை மோனோக்கிள் வழியே நோக்கினார். 2017இல் அது கைபேசியில் ஓர் எமோஜியாகவும் வந்துவிட்டது. மோனோபோலி விளையாட்டின் பணக்காரத் தாத்தாவுக்கும் மோனோக்கிள் உண்டென்று பலர் சத்தியம் செய்வார்கள். அவருக்குக் கிடையாது. பணக்காரர் என்றால் அது இருந்தே தீர வேண்டும் என்று நம் நினைவு தானே மாட்டிவிடுகிறது.

ஆகவே நடைமுறையில் என் யோசனை இது. கோட்டும் தொப்பியுமாக மோனோக்கிள் அணிந்தால் வேடம் என்றே கொள்ளப்படும். அன்றாடச் சட்டையில், படிக்கும்போது மட்டும் எடுத்து மாட்டினால் இரண்டாம் நாளே பக்கத்தில் இருப்பவர்கள் பழகிவிடுவார்கள். பிரிட்டிஷ் வானியலாளர் பாட்ரிக் மூர் தம் பதினாறாம் வயதில், வலக்கண் பலவீனமாக இருந்ததால் மோனோக்கிள் அணியத் தொடங்கினார். 1957 முதல் பல பத்தாண்டுகள் தொலைக்காட்சியில் அதோடுதான் வானத்தைப் பற்றிப் பேசினார், கேட்டவர்கள் வானத்தைத்தான் கவனித்தார்கள். நேர்முகத் தேர்வுக்கும் துக்க வீட்டுக்கும் மட்டும் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் பேசும்போது அதை மாட்டி அவரை உற்றுப் பார்க்காதீர்கள், அது பழைய தளபதிகளின் பழக்கம்.

பராமரிப்பு சிறிது. சட்டை நுனியால் துடைத்தால் பிளாஸ்டிக் வில்லையில் கீறல் விழும். தண்ணீரில் கழுவி, ஒரு துளி பாத்திரச் சோப்பு தேய்த்து அலசி, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். நாணயங்களோடும் சாவிகளோடும் ஒரே பையில் போடாதீர்கள். நாடா நையும் இடம் துளையை ஒட்டிய முடிச்சுதான், மாதம் ஒருமுறை அதை விரலால் நெருடிப் பார்த்து, நூல் பிரிந்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். பொத்தான் பக்கத்து முடிச்சைச் சலவைக்குப் போடும் முன் அவிழ்க்க மறந்தால், வில்லை சட்டையோடு துவைக்கும் இயந்திரத்துக்குள் போய்விடும். என் இரண்டாம் வில்லை போனது அப்படித்தான்.